நோயை வளர்க்கும் பரிகாரம்

துன்பத்தைக் கண்டு வாளா இருப்பவன் அல்லன் மனிதன். உறக்கம் வாராவிடின் உறங்குதற்கு வழி தேடுகிறான். அச்சம் தோன்றினால் அதனை அடக்க முயல்கிறான். மகன் நெறி தவறினால் அறிவுரை கூறுகிறான். மனைவி மனம் வாடினால் தேற்றுகிறான். ஒருமுறை முயன்று பயன் கிட்டாவிட்டால், மறுமுறை இன்னும் ஊக்கத்தோடு முயல வேண்டும் என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். ஆயினும், முயல முயலப் பெருகும் துன்பங்களும் சில உண்டு. முடிச்சை அவிழ்ப்பதற்காக அதன் இரு முனைகளையும் வலிந்து இழுப்பவனுக்கு, இழுக்குந்தோறும் முடிச்சு இறுகுகிறது. இறுகியதைக் கண்டு அவன் மேலும் வலிந்து இழுக்கிறான். இனி அவனுக்கு இடர் விளைவிப்பது முதலில் விழுந்த முடிச்சா, அவன் கையின் வலிமையா?

மனத்துன்பங்களைக் குறித்து இதே வினாவை எழுப்பி, அதன் விடையை ஒரு மருத்துவ முறையாகவே வகுத்தனர் சில அறிஞர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில், 1960களில் அம்முறை உருப்பெற்றது. குறுங்காலச் சிகிச்சை என்பது அதன் பெயர். அது தோன்றிய வரலாற்றையும், அதன் உட்பொருளையும் இங்கு நாம் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மேலைநாட்டு மனமருத்துவத்தில் ஓங்கி நின்றது வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டின் நெறியாகும். மனத்துன்பத்தின் வேர் குழந்தைப் பருவத்தில் மறைந்து கிடக்கிறது. அவ்வேரைத் தோண்டி எடுத்தாலன்றி நோய் தீராது என்பது அந்நெறியின் கொள்கை. ஆதலின் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்நெறி கேட்ட வினா, "இத்துன்பம் ஏன் வந்தது?" என்பது. பாலோ ஆல்டோவில் கேட்ட வினா வேறு: "வந்த துன்பம் இன்றுவரை போகாமல் நிற்பது எதனால்?" வீட்டில் விழுந்த தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது ஒன்று, எரிகின்ற தீயில் எண்ணெய் வார்க்கும் கை எது என்று நோக்குவது மற்றொன்று.

இக்கருத்தின் சாயல் முன்னரே சிலரிடம் காணப்பட்டது. அமெரிக்க உளநூல் அறிஞர் நைட் டன்லப், 1928ஆம் ஆண்டில் ஒரு புதுமையான செய்தியை வெளியிட்டார். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சிறு சொல்லைத் தட்டச்சுப் பொறியில் அடிக்கும்போது, எழுத்துகள் இடம் மாறி விழும் பழக்கம் அவருக்கு இருந்தது. பிழை செய்யாமலிருக்க முயல்வதை விடுத்து, அப்பிழையையே வேண்டுமென்று பலமுறை அடித்துப் பழகினார், பழக்கம் நீங்கிற்று. வியன்னாவில் விக்டர் பிராங்கல் என்னும் மருத்துவர், 1939ஆம் ஆண்டளவில், எதை அஞ்சுகிறாயோ அதையே விரும்பி வரவழைக்க முயல்க என்று தம் நோயாளிகளுக்குக் கூறலானார். கை நடுங்குமோ என்று அஞ்சுபவன், "நன்றாக நடுங்கிக் காட்டுவேன்" என்று முனைந்தால், நடுக்கம் அவன் பிடியிலிருந்து நழுவிவிடும். இவை தனித்தனிக் கண்டுபிடிப்புகள். இவற்றை ஒருங்கிணைக்கும் கொள்கை, மருத்துவம் அல்லாத வேறொரு துறையிலிருந்து வந்தது.

கிரிகரி பேட்சன் என்பவர் 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர். அவர் நியூகினித் தீவில் செப்பிக் ஆற்றங்கரையில் வாழும் ஐயாட்முல் மக்களிடையே தங்கி, அவர்தம் வாழ்க்கையை ஆராய்ந்தார். ஒருவன் தன் பெருமையைப் பேசினால், எதிரிலிருப்பவன் அதனினும் மிகுதியாகத் தன் பெருமையைப் பேசுகிறான். அது கேட்டு முன்னவன் மேலும் உயர்த்திப் பேசுகிறான். வேறு சில உறவுகளில், ஒருவன் அதிகாரம் செலுத்தச் செலுத்த மற்றவன் பணிகிறான். பணியப் பணிய அதிகாரம் வளர்கிறது. இருவருள் எவனும் தான் தொடங்கியதாக நினைப்பதில்லை. எதிரி செய்ததற்கு விடையிறுப்பதாகவே கருதுகிறான். இவ்வாறு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு செல்லும் உறவுச் சுழலுக்கு 1935ஆம் ஆண்டில் பேட்சன் ஒரு பெயர் சூட்டினார். ஸ்கிஸ்மோஜெனிசிஸ் என்பது அப்பெயர். பிளவின் பிறப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1946 முதல் 1953 வரை, அமெரிக்காவில் மேசி அறக்கட்டளையின் ஆதரவில் கணிதவியலார், பொறியியலார், உடலியலார், மானிடவியலார் ஆகியோர் பலமுறை கூடி ஆராய்ந்தனர். நார்பர்ட் வீனர் என்ற கணித அறிஞர் 1948ஆம் ஆண்டில் சைபர்னெடிக்ஸ் என்று பெயரிட்ட புதுத்துறை அக்கூட்டங்களில் வளர்ந்தது. விளைவானது திரும்பி வந்து தன் காரணத்தையே மாற்றுகின்ற இயக்கங்களை ஆராய்வது இத்துறை. நீராவி எந்திரத்தின் வேகம் மிகுந்தால், அதனோடு இணைந்த கட்டுப்பாட்டுக் கருவி நீராவி செல்லும் வழியைச் சுருக்குகிறது, வேகம் தணிகிறது. கருவி தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தால் என்ன ஆகும்? வேகம் மிகும்போது வழி மேலும் விரியும். எந்திரம் சிதறும் வரை வேகம் வளரும். அக்கூட்டங்களில் பங்குகொண்ட பேட்சன், நியூகினியில் தாம் கண்ட சுழலும் இவ்வகையினதே என்று உணர்ந்தார்.

1952ஆம் ஆண்டில் பேட்சன் பாலோ ஆல்டோவை ஒட்டி ஓர் ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினார். வேதிப் பொறியியல் பயின்று பின்னர் மானிடவியலுக்கு வந்த ஜான் வீக்லாண்டு, ஜே ஹேலி, மனமருத்துவர் டான் ஜாக்சன் ஆகியோர் அதில் சேர்ந்தனர். ஒருவனுடைய மனநோயை அவனுள்ளே மட்டும் தேடாமல், அவனுக்கும் அவனைச் சூழ்ந்தோருக்கும் இடையே நிகழும் பேச்சிலும் செயலிலும் தேட வேண்டும் என்பது இவர்களது நோக்கு. 1956ஆம் ஆண்டில், சிஸோபிரினியா என்னும் கடுமையான மனநோய் குடும்பத்தினரின் முரண்பட்ட பேச்சிலிருந்து தோன்றக்கூடும் என்று ஒரு கோட்பாட்டை இவர்கள் வெளியிட்டனர். அந்நோயின் காரணத்தை விளக்கும் அளவில் அக்கோட்பாடு பின்வந்த ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. அதனால் வீண்பழி சுமந்த தாய்மாரும் உண்டு. ஆயினும் அதன் அடியில் இருந்த நோக்கு வேறு துறைகளில் பயன் தந்தது. டான் ஜாக்சன் 1958ஆம் ஆண்டில் பாலோ ஆல்டோவில் மனநல ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்.

இக்குழுவினருக்கு மற்றோர் ஆசானும் வாய்த்தார். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் மருத்துவம் புரிந்த மில்டன் எரிக்சன், இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் உடல் முழுதும் செயலற்றுக் கிடந்து, பெருமுயற்சியால் மீண்டவர். அவர் நோயாளியின் பழங்கதையைக் கிளறுவதில்லை. நோயாளி செய்துவரும் செயலையே சிறிது திருப்பி, வேறொரு முறையில் செய்யுமாறு பணிப்பார். ஹேலியும் வீக்லாண்டும் பல ஆண்டுகள் பீனிக்ஸுக்குச் சென்று அவரிடம் கேட்டறிந்தனர். எரிக்சனின் கைத்திறமும் பேட்சனின் நோக்கும் பாலோ ஆல்டோவில் ஒன்றுகூடின.

1966ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பிஷ் என்ற மனமருத்துவரின் முயற்சியால், அந்நிலையத்தில் குறுங்காலச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. வீக்லாண்டும், ஆஸ்திரியாவில் வில்லாக் நகரில் 1921ஆம் ஆண்டில் பிறந்த பால் வாட்ஸ்லாவிக்கும் அவருக்குத் துணைநின்றனர். ஒருவருக்குப் பத்து அமர்வுகளுக்கு மேல் இல்லை என்பது மையத்தின் விதி. ஒருவர் நோயாளியோடு உரையாடுவார். மற்றையோர் ஒருபுறம் மட்டும் ஊடுருவிக் காட்டும் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து நோக்குவர். வேண்டும்போது தொலைபேசி வழியாக யோசனை கூறுவர்.

அவர்கள் கேட்ட வினாக்கள் எளியவை. உங்கள் துன்பம் யாது? அது உங்கள் வாழ்க்கையை எவ்வாறு தடுக்கிறது? அதனைத் தீர்க்க நீங்களும் உங்களைச் சார்ந்தோரும் இதுவரை செய்தவை யாவை? எந்தச் சிறு மாறுதலைக் கண்டால் நலம் தொடங்கிவிட்டது என்று நீங்கள் கொள்வீர்கள்? இவற்றுள் மூன்றாவது வினாவே உயிர்நிலையானது. மற்ற மருத்துவர் நோயின் குறிகளைக் கேட்டறிந்த இடத்தில், இவர்கள் பரிகாரத்தின் குறிகளைக் கேட்டறிந்தனர். வாழ்க்கையில் இடர்கள் இயல்பாக வருவன. வந்த இடரைத் தவறாகக் கையாண்டு, பயன் காணாதபோது அதே வழியை மேலும் மிகுதியாகக் கையாளும்போதுதான் சிறிய இடர் நீங்காத துன்பமாக மாறுகிறது. ஆகவே, அந்தப் பரிகாரத்தை நிறுத்தினாலே சுழல் அறுபடும் என்று அவர்கள் கருதினர்.

பல ஆண்டு அனுபவத்திற்குப் பின், 1982ஆம் ஆண்டில் பிஷ், வீக்லாண்டு, லின் சீகல் ஆகியோர் எழுதிய நூலில், மனிதர் அடிக்கடி வீழும் பயனற்ற முயற்சிகளை ஐந்து வகையாகப் பகுத்துக் காட்டினர். நம் வீடுகளில் காணும் நிலைமைகளைக் கொண்டே அவற்றை விளக்கிக் கொள்வோம்.

முதலாவது, தானாக வரவேண்டியதை வலிந்து வரவழைப்பது. உறக்கம் இதற்குத் தக்க சான்று. உறக்கம் வாராதவன், "இன்று எப்படியும் உறங்கியே தீர வேண்டும்" என்று கண்ணை இறுக மூடுகிறான். மணியடிக்கும் ஓசையை எண்ணுகிறான். உறக்கம் வந்துவிட்டதா என்று தன்னையே உற்றுப் பார்க்கிறான். உற்றுப் பார்ப்பது விழிப்பின் தொழில். ஆகவே உறங்க முயல்வதனாலேயே அவன் விழித்திருக்கிறான்.

இரண்டாவது, அஞ்சும் செயலை ஒத்திப்போட்டுக்கொண்டே அதனை வெல்ல எண்ணுவது. அவையில் பேச அஞ்சும் இளைஞன், முழுத் தயாரிப்பும் துணிவும் வந்தபின் பேசலாம் என்று ஒதுங்குகிறான். ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சிறிது ஆறுதல் கிட்டுகிறது. அந்த ஆறுதலே, "தப்பினாய், அங்கே உண்மையில் ஆபத்து இருந்தது" என்று அவனுக்குக் கற்பிக்கிறது.

மூன்றாவது, பகைத்து நின்று இணக்கம் பெற முயல்வது. தன்னை மதிக்கவில்லை என்று மகன்மேல் சினக்கும் தந்தை, மதிப்பை அதட்டிக் கேட்கிறார். அதட்டலுக்கு மகன் வாய் மூடுகிறான். மனமோ இன்னும் விலகுகிறது. விலகலைக் கண்ட தந்தை குரலை இன்னும் உயர்த்துகிறார்.

நான்காவது, தம் சொற்படி நடக்கவும் வேண்டும், அதையும் தாமாகவே விரும்பிச் செய்யவும் வேண்டும் என்று பிறரை எதிர்பார்ப்பது. "நான் சொல்லித்தான் படிக்க வேண்டுமா? உனக்காகத் தோன்ற வேண்டாமா?" என்று கேட்கும் தாயின் மகன் என் செய்வான்? படித்தால் தாய் சொல்லிப் படித்தவன் ஆகிறான். படியாவிட்டால் பொறுப்பற்றவன் ஆகிறான். வெளிப்படையாக, "மாலை ஏழு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்" என்று கட்டளையிட்டிருந்தால் இருவர்க்கும் வருத்தம் குறைந்திருக்கும்.

ஐந்தாவது, ஐயுறுபவரின் ஐயத்தைத் தன் சமாதானத்தாலேயே உறுதிப்படுத்துவது. கணவன் எங்கே சென்றான் என்று மனைவி ஐயத்தோடு கேட்கிறாள். கணவன் விரிவாக விளக்குகிறான். "குற்றமில்லாதவர் இவ்வளவு விளக்குவாரா?" என்று ஐயம் வளர்கிறது. அது கண்டு கணவன் சில செய்திகளைச் சொல்லாமல் விடுகிறான். மறைத்தது வெளிப்படும்போது ஐயம் உண்மையாகிவிடுகிறது.

இவ்வைந்திலும் ஈடுபட்டோர் தீயவர் அல்லர், அறிவற்றவரும் அல்லர். அன்பினாலும் கடமை உணர்வினாலும் செய்வதே சுழலைச் சுழற்றுகிறது. வருந்துபவனை நாள்தோறும் தேற்றும் சுற்றத்தாரின் நிலையும் இதுவே. "உனக்கு என்ன குறை? மனத்தைத் தேற்றிக்கொள்" என்று அவர்கள் கூறுந்தோறும், தன் வருத்தத்தை எவரும் உணரவில்லை என்ற தனிமை அவனுக்குக் கூடுகிறது. அவன் மேலும் சோர்கிறான். அவர்கள் மேலும் தேற்றுகின்றனர்.

பயனற்ற பரிகாரத்தை விட்டுவிடு என்று சொல்வது எளிது, விடுவதோ அரிது. ஆதலின் அம்மையத்தார் வெறும் அறிவுரையோடு நில்லாமல், பழைய முயற்சிக்கு நேர்மாறான ஒரு சிறு செயலைச் செய்யுமாறு பணித்தனர். உறக்கம் வாராதவனிடம் விழித்திருக்க முயலுமாறு கூறுவர். அவையில் நடுக்கத்தை மறைப்பவனிடம், "எனக்குச் சிறிது நடுக்கம் உண்டு" என்று முதலிலேயே அறிவித்துவிட்டுப் பேசுமாறு கூறுவர். விரைந்து குணமாக வேண்டும் என்று துடிப்பவனிடம், "மெல்லச் செல்க, விரைவான மாறுதலிலும் தொல்லைகள் உண்டு" என்று எச்சரிப்பர். ஒவ்வொருவரும் பேசும் மொழியிலும், நம்பும் கருத்திலும் பொருந்துமாறு இப்பணியை எடுத்துரைப்பது மருத்துவரின் திறமாக இருந்தது.

1974ஆம் ஆண்டில் வீக்லாண்டு, பிஷ், வாட்ஸ்லாவிக், ஆர்தர் போடின் ஆகிய நால்வரும் ஏறத்தாழ ஆறாண்டுப் பணியின் கணக்கை வெளியிட்டனர். 97 பேர்க்குச் சிகிச்சை நடந்தது. ஒருவருக்குச் சராசரியாக ஏழு அமர்வுகள். சிகிச்சை முடிந்து மூன்று திங்கள் அளவில் விசாரித்ததில், நூற்றுக்கு 40 பேர்க்கு வெற்றி. 32 பேர்க்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 28 பேர்க்குத் தோல்வி. தோல்வியை ஒளியாமல் எழுதியமை போற்றத்தக்கது. எனினும், சிகிச்சை பெறாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு அன்று இது. பயனை மதிப்பிட்டவர்களும் சிகிச்சை அளித்த அக்குழுவினரே. ஆகவே இதனை நல்ல தொடக்கம் எனலாமேயன்றி, முடிந்த முடிபு எனல் ஆகாது.

வேறு தடைகளும் எழுப்பப்பட்டன. நோயாளி அறியாமலே அவனை ஒரு வழியில் திருப்புவது சூழ்ச்சி அன்றோ என்றனர் சிலர். எந்த மருத்துவனும் தன்னை நாடி வந்தவனைத் தன் சொல்லால் மாற்றவே செய்கிறான். மாற்றுகிறோம் என்பதை அறிந்து செய்வதே பொறுப்புடைமை என்று பாலோ ஆல்டோவினர் விடையிறுத்தனர். இவ்விடை ஓரளவே நிறைவு தருகிறது. மற்றொரு தடை இதனினும் முக்கியமானது. உன் துன்பத்தை வளர்ப்பது உன் முயற்சியே என்ற சொல், "உன் துன்பத்திற்கு நீயே குற்றவாளி" என்ற பழியாகத் திரிந்துவிடலாம். கொள்கையின் உட்பொருள் அதுவன்று. முடிச்சை விழச் செய்தவன் வேறொருவனாக இருக்கலாம். வறுமையோ, இழப்போ, உடல்நோயோ கூட அதனை விழச் செய்திருக்கலாம். இழுக்கும் கை நம்முடையதாக இருப்பதனால், அதனைத் தளர்த்தும் உரிமையும் நம்மிடம் இருக்கிறது என்பதே கருத்து. மேலும், கடுமையான மனநோய்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திற்கும் உடனடி மருத்துவ உதவி வேண்டும். அங்கே இத்தகைய தலைகீழ்ப் பணிகளைத் தாமாகச் செய்து பார்ப்பது தகாது.

பாலோ ஆல்டோவில் முளைத்த வித்து வேறு நிலங்களிலும் கிளைத்தது. 1978ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும், கொரியாவில் பிறந்த இன்சு கிம் பெர்கும் தொடங்கிய மையம், பயனற்ற முயற்சியை நிறுத்துவதோடு, பயன் தந்த சிறு விலக்குகளைத் தேடி வளர்க்கும் வழியை வகுத்தது. 1987ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரில் ஜார்ஜியோ நார்டோனே, வாட்ஸ்லாவிக்கின் துணையோடு ஒரு மையத்தை நிறுவினார். வீக்லாண்டு 1995ஆம் ஆண்டிலும், வாட்ஸ்லாவிக் 2007ஆம் ஆண்டிலும், பிஷ் 2011ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

இவர்களோடு தொடர்பில்லாத ஆராய்ச்சியாளரும் இதே உண்மையைத் தொட்டனர். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று கட்டளை பெற்றவனின் கதையை நம் நாட்டில் அறியாதார் இலர். அக்கதையை அறிவியல் சோதனையாக நடத்தியது போன்றதொரு செயலை 1987ஆம் ஆண்டில் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளநூலார் செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்கலாகாது என்று மாணவர்க்குக் கூறி, நினைவு வருந்தோறும் மணியடிக்கச் செய்தார். மணி ஓயவில்லை. அதன்பின் நினைக்கலாம் என்று விடை தந்தபோது, முதலில் அடக்கியவர்களே, தொடக்கம் முதல் தாராளமாக நினைத்தவரினும் மிகுதியாகக் கரடியை நினைத்தனர். 1970களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் நடந்த ஆய்வுகளில், உறங்க முயலாமல் விழித்திருக்க முயன்ற பலர் முன்னினும் விரைவில் உறங்கினர். 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பால் சால்கோவ்ஸ்கிஸ், திடீர்ப் பேரச்சத்தால் வருந்துவோர் விழுந்துவிடாமலிருக்க நாற்காலியைப் பற்றிக்கொள்வதைச் சுட்டிக் காட்டினார். பற்றியதனால்தான் விழவில்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர். பற்றாவிடினும் விழமாட்டோம் என்பதை அறியும் வாய்ப்பையே இழக்கின்றனர்.

நியூகினி ஆற்றங்கரையில் கண்ட பெருமைப் பேச்சிலிருந்து, நீராவி எந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக, மருத்துவரின் அறைக்கு வந்து சேர்ந்தது இக்கருத்து. முயற்சியை இகழ்வது இதன் நோக்கம் அன்று. பயன் தராத முயற்சியை எண்ணிப் பார்க்காமல் இரட்டிப்பதையே இது தடுக்கிறது. நீண்ட நாளாக நீங்காத ஒரு வருத்தம் நம் வீட்டில் இருக்குமாயின், "இன்னும் என்ன செய்யலாம்?" என்று கேட்பதற்கு முன், "இதுவரை என்ன செய்துவந்தோம்? அதனால் வருத்தம் குறைந்ததா, கூடியதா?" என்று கேட்பது நலம். கூடியது என்பது விடையாயின், முதலில் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு: இழுத்துக்கொண்டிருக்கும் கையைச் சற்றுத் தளர்த்துதல். அதன் பின்னரே முடிச்சு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குப் புலனாகும்.